ஆச்சியின் கைக்குட்டைகள்

கேள்வி: ஆச்சி பூவேலை செய்த பழைய கைக்குட்டைகள் டிரங்குப் பெட்டியில் மஞ்சளித்துக் கிடக்கின்றன. பேத்திகளுக்கு நினைவுப் பொருளாக்கித் தர ஆசை, வெட்ட மனமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வெட்டவே வேண்டாம் அம்மா. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புத்தூள் கரைத்து ஊறவையுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், நூல் இற்றுவிடும். பிழியாமல், துண்டில் ஒற்றியெடுத்து நிழலில் உலர்த்துங்கள். தடித்த துண்டின்மேல் பூவேலையைக் குப்புற வைத்து இஸ்திரி போட்டால் பூக்கள் நசுங்காமல் புடைத்து நிற்கும்.

பிறகு கடித உறைபோல மடித்து, கீழ்முனையையும் பக்கமுனைகளையும் சேர்த்துத் தையுங்கள். பூ உள்ள முனையே மூடியாக வரட்டும். உள்ளே மல் துணியில் முடிந்த வெட்டிவேர். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைக்க இதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியவில்லை.

லேஸ் ஓரம் வைத்தது ஏதேனும் இருக்கிறதா? நம் இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா 19-ஆம் நூற்றாண்டில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த கலை அது. அதை மட்டும் உறையாக்காதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணிமேல் நான்கைந்து தையல் போட்டுச் சட்டமிடுங்கள். பசை கூடவே கூடாது. வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். யார் செய்தது, எந்த ஊர் என்பதைச் சட்டத்தின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.