வாசகர் கேள்வி – பதில்: நின்றுபோன வியாழக்கிழமைப் பத்தி

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரும் நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில் 2004 ஆம் ஆண்டு முதல் வியாழன்தோறும் எழுதிவந்த பத்தி எழுத்தாளர், கண்பார்வை குறைந்துவருவதைக் காரணமாகக் கூறி, கடந்த மாதம் நான்கு வரிகளில் விடைபெற்றுக்கொண்டார். அவரை விரும்பியவர்களும் வெறுத்தவர்களும் எழுதிய கடிதங்கள் இம்முறை வேறு கேள்விகளுக்கு இடம்விடவில்லை. தம்முடைய பெயரை வைத்து விவாதிக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரின்றியே பதில் எழுதுகிறேன். படித்தவர்களுக்கு அவரைத் தெரியும்.

கேள்வி: நான் பரியோவான் கல்லூரியின் பழைய மாணவன். எங்கள் வெற்றியை எதிரணியின் தவறு என்றும், எங்கள் தோல்வியைத் தகுதிக்குறைவு என்றும் எழுதிவந்தவர் நிறுத்திவிட்டார் என்று அறிந்தபோது நிம்மதியாக இருந்தது. ஆனால் அடுத்த வியாழன் காலை கை தானாகவே விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டியது. அந்த இடத்தில் ஒரு விளம்பரம் இருந்தது. அன்று முழுவதும் மனம் சரியாக இல்லை. ஏன் இப்படி? – சுண்டிக்குளி வாசகர்

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அதே கிழமையில் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரும் எழுதியிருந்தார். கல்லூரியின் பெயரை மாற்றிவிட்டால் இரண்டு கடிதங்களும் ஒன்றுதான். இரு கல்லூரிகளுக்கும் இடையே 1904 ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டியான வடக்கின் பெருஞ்சமரைப் பற்றிப் பத்தி எழுத்தாளர் எழுதிய ஒவ்வொரு முறையும் இரு தரப்பாரும் அவரை மற்றத் தரப்பின் ஆளாகவே கண்டார்கள். இதை வைத்து அவர் நடுநிலையாளர் என்று நான் வாதிட வரவில்லை. இரண்டு பக்கமும் அடி விழுவதால் மட்டும் ஒருவர் நேர்மையானவர் ஆகிவிடமாட்டார். ஆனால் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மார்ச் மாத வெயிலில் மூன்று நாள்கள் நடக்கும் அந்தப் போட்டியில், மத்திய கல்லூரி மைதானத்தைச் சுற்றிப் பழைய மாணவர் கூடாரங்களும் பாண்ட் வாத்தியமும் கொடி பிடித்து ஓடும் பிள்ளைகளுமாக இருக்கும்போது, அவர் எந்தக் கூடாரத்துக்குள்ளும் போகமாட்டார். ஓட்டப் பலகைக்குச் சற்றுத் தள்ளி, கிடைத்த நிழலில் அமர்ந்து, பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை முழங்காலில் விரித்துப் பந்துக்குப் பந்து குறித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை, இரண்டாம் நாள் தேநீர் இடைவேளைக்குப் பிறகு, பக்கத்தில் இருந்து அந்தக் கொப்பியை எட்டிப் பார்த்தேன். ஓட்டங்களை எழுதும் நிரலுக்கு அருகில் சிறு வட்டங்கள் வரையப்பட்டு, ஒவ்வொரு ஓவரிலும் அணித்தலைவர் யாரை எங்கே நிறுத்தினார் என்பது புள்ளிகளால் குறிக்கப்பட்டிருந்தது. ஏழு ஓவர்களாக ஒரு புள்ளி நகரவேயில்லை. அந்தப் பக்கத்துக்கு ஒரு பந்தும் போகவுமில்லை. கோட்டின் ஓரத்தில் “இவனை ஏன் இங்கே விட்டிருக்கிறார்கள்?” என்று பென்சிலால் எழுதியிருந்தார். அந்த வியாழன் பத்தியில் அந்தக் கேள்வி அப்படியே வந்தது. கல்லூரிப் பற்றாளர்கள் கொதித்தார்கள்.

அவருடைய முடிவு பிழையாக இருக்கலாம். பல தடவைகள் பிழையாகவே இருந்தது. ஆனால் அது மூன்று நாளும் இருந்து பார்த்த ஒருவரின் முடிவு. ஒரு போட்டியைப் பற்றிச் சண்டைபிடிப்பதற்குக்கூட, அதை முழுவதுமாகப் பார்த்த இன்னொருவர் நமக்குத் தேவைப்படுகிறார். நீங்கள் வியாழன் காலையில் தேடியது உங்களுடன் ஒத்துப்போகிறவரை அல்ல, மறுத்துப் பேசத் தகுந்தவரை. அவர் இல்லாத இடத்தில் விளம்பரத்தைக் கண்டால் மனம் எப்படிச் சரியாக இருக்கும்?

கேள்வி: உண்மையில் அவர் எந்தக் கல்லூரியின் பழைய மாணவர்? இப்போதாவது சொல்லலாமா? – கொக்குவில் வாசகர்

பதில்: பெருஞ்சமர் ஆடும் இரு கல்லூரிகளிலும் அவர் படித்ததில்லை. வலிகாமம் வடக்கில் ஒரு சிறிய பாடசாலையில் தொடங்கி, 1990 இல் ஊரைவிட்டு இடம்பெயர்ந்ததால் மூன்று பாடசாலைகளில் படித்து முடித்தவர். தாம் பார்த்து வளர்ந்த மைதானம் பல ஆண்டுகள் போக முடியாத இடமாக இருந்தது என்று ஒரேயொரு தடவை எழுதியிருக்கிறார்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி ஒன்று குழப்பத்தில் முடிந்தபோது, எங்கள் கழகத்தைக் கண்டித்து அவர் எழுதினார். நாங்கள் அந்தப் பத்திரிகையை எடுக்க வேண்டாம் என்று எங்கள் பகுதிக் கடைகளில் சொல்லி வைத்தோம். இப்போது கழகத்தின் இளைஞர்கள் அவருக்குப் பாராட்டு விழா நடத்த வேண்டும் என்கிறார்கள். மூத்தவர்கள் கூடாது என்கிறார்கள். நடத்தலாமா? – குருநகர் வாசகர்

பதில்: நடத்துங்கள். ஆனால் பொன்னாடை போர்த்தி, நினைவுச் சின்னம் கொடுத்து, அப்படி ஒரு சண்டையே நடக்காததுபோல மாறிமாறிப் புகழ்ந்து பேசுவதாக இருந்தால் வேண்டாம். அது அவருக்கும் அழகில்லை, உங்களுக்கும் அழகில்லை. அந்தப் பகிஷ்கரிப்பை முன்னின்று நடத்திய மூத்தவரை முதலில் பேச விடுங்கள். அன்று தமக்கு ஏன் கோபம் வந்தது என்பதை அவர் எழுத்தாளரின் முகத்துக்கு நேரே சொல்லட்டும். எழுத்தாளரும் தம்முடைய பதிலைச் சொல்லட்டும்.

உங்கள் மூத்தவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். கண்டித்து எழுதிய அதே ஆள்தான், அடுத்த பருவத்தில், இரவு தொழிலுக்குப் போய் விடியப்புறம் கரை சேர்ந்து, வலையைத் தட்டிக் காயவிட்டு, பிற்பகல் நாலு மணிக்குக் காலணி கட்டும் வீரர்களுக்கு அடுத்தடுத்த நாள்களில் போட்டி வைப்பது நியாயமா என்று கேட்டார். குருநகர், பாஷையூர், நாவாந்துறை ஆகிய இடங்களின் உதைபந்தாட்டத்தைக் கடல் தொழிலோடு சேர்த்துப் பார்த்து எழுதியவர்கள் மிகக் குறைவு. கண்டனம் எழுதப்பட்ட தாளைக் கிழித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இந்தத் தாளை வெட்டி வைத்தவர்களும் உங்கள் பகுதியில் இருப்பார்கள். இரண்டையும் விழா மேசையில் அருகருகே வைக்க முடிந்தால் நல்லது.

கேள்வி: இங்கிருந்தே பெருஞ்சமரை நேரலையில் பார்க்கிறோம். ஆட்டம் முடிந்த அரை மணித்தியாலத்துக்குள் முகநூலில் எல்லாம் வந்துவிடுகிறது. வியாழன் வரை காத்திருந்து ஒருவருடைய கருத்தைப் படிக்கும் காலம் போய்விட்டதல்லவா? – ரொறன்ரோ வாசகர்

பதில்: நேரலை பந்து எங்கே போனது என்பதைக் காட்டுகிறது; அதை நானும் நன்றியோடு பார்க்கிறேன். ஆனால் அது காட்டாத ஒன்றை அவர் சலிக்காமல் எழுதினார். யாழ்ப்பாணத்துப் பாடசாலை வீரர்கள் நெடுங்காலம் விரிப்பு ஆடுகளத்தில் ஆடியே வளர்ந்தவர்கள். விரிப்பில் பந்து ஒரே சீராக எழும்பி வரும். துடுப்பாட்ட வீரர் பின்காலில் நின்று ஆடப் பழகிவிடுவார். அதே பிள்ளை கொழும்புக்குப் போய்ப் புற்றரை ஆடுகளத்தில் நிற்கும்போது, பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு வந்து காலில் படும். உடனே “வடக்குப் பிள்ளைகளுக்கு நுட்பம் போதாது” என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளையிடம் குறையில்லை, காலுக்குக் கீழே இருக்கும் தரையில்தான் குறை என்று அவர் வருடத்துக்கு ஒரு தடவையேனும் எழுதினார். இதையே எத்தனை தரம் எழுதுவது என்று வாசகர்கள் சலித்துக்கொண்டார்கள், நானும் சலித்துக்கொண்டேன்.

மத்திய கல்லூரியின் மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக் போட்டியில் யாழ்ப்பாண அணிக்காக ஆடியபோதும், 2024 இல் ஐ.பி.எல். போட்டியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகப் பந்து வீசியபோதும் நாம் எல்லோரும் தெருவுக்கு வந்து மகிழ்ந்தோம். அவரும் மகிழ்ந்துதான் எழுதினார். ஆனால் கடைசிப் பந்தியில், இந்தப் பிள்ளையோடு ஒரே வயதில் சுழற்பந்து வீசிய மற்றவர்கள் இப்போது எங்கே என்று கேட்டார். கொண்டாட்டத்தின் நடுவில் இந்தக் கேள்வி பலருக்குக் கசந்தது. அது கேட்க வேண்டிய கேள்வி என்றே நான் கருதுகிறேன். முகநூலில் வாழ்த்துகள் ஆயிரக்கணக்கில் வந்தன. அந்தக் கேள்வியை நான் அங்கே காணவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டு, அச்சுத்தாளுக்குத் தட்டுப்பாடு வந்து, பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தபோது, அவருடைய பத்தி நாலு விரல் அகலத்துக்குச் சுருங்கியது. ஊரடங்கு நேரத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக ஆடப்பட்ட ஒரு கரப்பந்தாட்டப் போட்டியைப் பற்றி அந்த நாலு விரல் இடத்தில் அவர் எழுதியதை நான் இன்றும் வைத்திருக்கிறேன். போட்டியின் முடிவு அதில் இல்லை, ஏனென்றால் ஆட்டம் முடியவில்லை. இரு அணியினரும் பந்தை யார் வீட்டில் வைப்பது என்று பேசிப் பிரிந்ததை எழுதியிருந்தார்.

கேள்வி: நான் பாடசாலைக் காலத்தில் உதைபந்தாட்டம் ஆடியவள். பெண்களின் போட்டிகளுக்கு வந்து எழுதியவர் அவர் ஒருவர்தான் என்பதை மறக்கமாட்டேன். ஆனாலும் “பெண்பிள்ளைகளாயினும்” என்று தொடங்கும் அவருடைய வசனங்களையும் மறக்கமாட்டேன். நன்றி சொல்வதா, குறை சொல்வதா? – தெல்லிப்பழை வாசகி

பதில்: இரண்டும் சொல்லலாம், சகோதரி. மகாஜனாக் கல்லூரியின் பெண்கள் அணி தேசிய மட்டத்தில் வென்று வந்தபோது அதை உள்பக்கத்தில் இரண்டு அங்குலச் செய்தியாக விடாமல் முழுப் பத்தியாக எழுதினார். அதே கல்லூரியின் அனிதா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை மீண்டும் மீண்டும் முறியடித்தபோதும் எழுதினார். ஆனால் இலங்கை அணி 2009 இலும் 2018 இலும் ஆசிய வலைப்பந்தாட்டச் சம்பியன் ஆனபோது அதில் ஆடிய நம் ஊர்ப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி அவர் எழுதியவற்றை இப்போது எடுத்துப் படித்தால், முதல் தடவை முழுக்க உயரத்தைப் பற்றியே எழுதியிருப்பது தெரிகிறது. இரண்டாவது தடவைதான் மூன்று பேர் மறித்து நிற்கும்போது பந்தைக் கையில் வாங்கும் நிதானத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இடையிலிருந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் ஏதோ கற்றிருக்கிறார். உங்களைப் போன்றவர்கள் எழுதிய கோபக் கடிதங்களும் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: என் மகன் பதினேழு வயதில் பெரிய போட்டியொன்றில் ஒரு பிடியைத் தவறவிட்டான். அவர் அவனுடைய பெயரைப் போட்டு மூன்று பந்திகள் எழுதினார். மகன் அதன் பிறகு துடுப்பைத் தொடவில்லை. எல்லோரும் அவருக்காக வருத்தப்படுகிறார்கள். எனக்கு வருத்தம் வரவில்லை. நான் கல்நெஞ்சக்காரியா? – பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: இல்லை, அம்மா. மேலே நான் எழுதிய எல்லாவற்றையும் உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

நம்முடைய ஊர்களில் பத்திரிகை வீட்டுக்குள் மட்டும் படிக்கப்படுவதில்லை. சனசமூக நிலையத்து வாசிகசாலையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். முடி வெட்டும் கடையில் அதே தாள் ஒரு கிழமை கிடக்கும். கழக அதிகாரியையோ தெரிவுக் குழுவையோ பெயர் சொல்லிக் கண்டித்தால் அவர்களுக்குப் பதில் சொல்ல வாயும் வயதும் இருக்கின்றன. பதினேழு வயதுப் பிள்ளை அந்த வாசிகசாலையைத் தாண்டித்தான் பாடசாலைக்குப் போக வேண்டும். அந்தப் பிடியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் அது ஆட்டத்தின் வரலாறு. பெயரோடு மூன்று பந்திகள் எழுதியது அநியாயம். அவருடைய கொப்பியும் உழைப்பும் துணிவும் அந்த அநியாயத்தை ஈடுசெய்யும் என்று நான் உங்களிடம் சொல்லமாட்டேன். அந்தப் பத்தி வெளியான நாளில் அதைப் படித்துவிட்டு “நன்றாக எழுதியிருக்கிறார்” என்று நண்பரிடம் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் ஊரையும் மகனின் பெயரையும் மறைத்து, கடிதத்தை அவரிடம் எடுத்துச் சென்றேன். கண் தெரியாததால் என்னைப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், நான் சொல்லாமலே அந்தப் போட்டி நடந்த ஆண்டையும், பிள்ளை நின்ற இடத்தையும், வெயில் அவன் முகத்துக்கு நேரே இருந்ததையும் சொன்னார். வெயில் முகத்தில் அடித்ததை அன்றைய பத்தியில் அவர் எழுதவில்லை என்று நான் சொன்னேன். “எழுதியிருக்க வேண்டும்” என்றார். பிறகு, உங்கள் மகனுக்கு ஒரு கடிதம் எழுத அனுமதி கிடைக்குமா என்று கேட்டார். உங்களுக்கும் மகனுக்கும் சம்மதமாயின் இந்த முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்புகிறேன். சம்மதமில்லையாயின் நீங்கள் எதுவும் எழுதத் தேவையில்லை. பதில் வரவில்லை என்றால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்வதாக அவர் என்னிடம் கூறியிருக்கிறார்.