காசு கொடுத்துக் காற்றை யார் வாங்குவார்?

கேள்வி: புது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குப் போட்டுக்கொண்டார். உள்ளே இருந்த தெர்மாகோலைத் தொடவே மாட்டேன் என்கிறார். அதை மறுசுழற்சி செய்ய முடியாதா? (சத்துவாச்சாரி)

பதில்: தாராளமாக முடியும். கடைக்காரர் மேலும் தப்பில்லை. தெர்மாகோலில் நூற்றுக்கு 98 பங்கு காற்று, மிச்சம்தான் பாலிஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக். குட்டி யானை வண்டியில் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கயிறு கட்டினாலும் நூறு கிலோ தேறுவது கஷ்டம். டீசல் காசுகூட மிஞ்சாத சரக்கை எவர் ஏற்றுவார்? அதனால் ஆலையில் முதல் வேலையே காற்றை விரட்டுவது. டேப், ஸ்டிக்கர் எல்லாம் உரித்து, அரைத்து, அழுத்தியோ சூடேற்றியோ கட்டியாக்குவார்கள். ஓர் ஆட்டோ நிறையப் போன தெர்மாகோல் அரிசி மூட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். அதை உருக்கிக் குருணையாக்கினால் போட்டோ ஃபிரேம், ஸ்கேல், துணி ஹேங்கர் செய்யலாம்.

ஃபிரிட்ஜை இறக்கிய வண்டி காலியாகத்தானே திரும்புகிறது? பெட்டியைப் பிரித்த கையோடு அதிலேயே அனுப்பிவிடுங்கள். பத்து வீட்டுச் சரக்கு ஒரே கடையில் சேர்ந்தால்தான் எடுக்க ஆள் வருவார். இடம் அடைக்கிறதே என்று நொறுக்க மட்டும் வேண்டாம். மணி மணியாக உதிர்ந்து கை ரோமத்தில் ஒட்டும்; தட்டிவிட்டால் அடுத்த கையில் ஒட்டும். மிச்சம் சாக்கடை வழியாகப் பாலாற்றுக்குப் போகும்.

கேள்வி: டிவி பெட்டியில் வளைந்து கொடுக்கும் வெள்ளை ஃபோமும் இருந்தது. அதுவும் இதுதானா? (காட்பாடி)

பதில்: ஒடித்துப் பாருங்கள். டப்பென்று ஒடிந்து, ஒடிந்த இடத்தில் ஜவ்வரிசி போல உருண்டை தெரிந்தால் தெர்மாகோல். ரப்பர் மாதிரி வளைந்தால் பாலிஎத்திலீன், கேரிபேக் ஜாதி. இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: பெட்ரோலில் போட்டால் கரைந்து பசையாகிறதே, அதுவும் மறுசுழற்சிதானே? (குடியாத்தம்)

பதில்: கரையும், ஆனால் செய்யாதீர்கள். நம் ஊர் வெயிலில் பெட்ரோல் கிண்ணத்தைத் திறந்து வைப்பதே வம்பு. அந்தப் பசையில் தீப்பிடித்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு எரியும். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டத்தான் என்றால் ஆரஞ்சுத் தோலைத் தெர்மாகோல் துண்டின்மேல் பிழியுங்கள். தோலின் எண்ணெய் பட்ட இடம் அரிக்கும்.

கேள்வி: பிரியாணி பார்சல் வந்த தெர்மாகோல் தட்டு? (ஆம்பூர்)

பதில்: எண்ணெய் ஊறியதை எந்த ஆலையும் வாங்காது. தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டுக்கும் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதலே தடை. தூக்குச்சட்டி கொண்டு போங்கள்.

கேள்வி: தகரக் கூரை போட்ட மாடி அறை அக்னி நட்சத்திரத்தில் அடுப்பாகக் கொதிக்கிறது. வீட்டில் சேர்ந்த தெர்மாகோலைப் பயன்படுத்தலாமா? (ராணிப்பேட்டை)

பதில்: சூட்டைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன், எல்லாம் அந்தக் காற்றின் தயவு. கூரைக்கு மேலே பரப்பாதீர்கள். 2017-இல் வைகை அணையில் மிதக்கவிட்டதைக் காற்று என்ன செய்தது என்று ஊருக்கே தெரியும். தகரத்தின் அடியிலும் ஒட்டாதீர்கள். 80 டிகிரியை நெருங்கினால் சுருங்க ஆரம்பிக்கும், மே மாதத் தகரத்தை நம்ப முடியாது. கீழே ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதன்மேல் தகரத்தில் படாமல் அடுக்குங்கள். பலகை இல்லாமல் வெறும் தெர்மாகோலைத் தலைக்கு மேல் வைத்தால் தீ விபத்துக்கு வழி. கரண்ட் வயர் அதில் படவே கூடாது. வயரின் பிவிசி உறையை மிருதுவாக வைத்திருக்கும் பொருளைத் தெர்மாகோல் உறிஞ்சிவிடும். நாளடைவில் உறை விறைத்து விரிசல் விடும்.