‘எட்டுப் பாகை’: வாசகர் கேள்விகள், நாவலாசிரியர் பதில்கள்

சென்ற இதழில் என் ‘எட்டுப் பாகை’ நாவலைப் பற்றி அறிமுகக் குறிப்பு வந்தபின் வாசகர்கள் எழுதிய கடிதங்களை ஆசிரியர் குழு ஒரு காக்கி உறையில் போட்டுத் திங்கள்நகருக்கு அனுப்பியிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். பாராட்டிய கடிதங்களுக்கு என் நன்றி. குறை சொன்ன கடிதங்களுக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு ஜனவரி மாதம் பெரும் சூரியப் புயல் தாக்குகிறது; அதாவது, சூரியனிலிருந்து சீறி வரும் மின்துகள்கள் புவியின் காந்தப்புலத்தைக் குலுக்குகின்றன. உலகமெங்கும் மின்சாரம் போகிறது, செயற்கைக்கோள்கள் ஊமையாகின்றன. தூத்தூரிலிருந்து போன ஒரு விசைப்படகு அப்போது மினிக்காய்த் தீவுக்கும் மேற்கே ஆழ்கடலில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறது. படகில் பதினொரு பேர். கரை சேரப் பதினெட்டு நாட்கள் ஆகின்றன. பாதிக் கதை படகில் நடக்கிறது, மறுபாதி கரையில் காத்திருக்கும் பெண்களிடம் நடக்கிறது.

கேள்வி: மின் தொகுப்பு முழுவதும் வீழ்ந்த பிறகும் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுவட்டார ஊர்களுக்கு மின்சாரம் கொடுப்பதாக ஒன்பதாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இது நடக்கவே நடக்காது.
– ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. அங்குள்ள பழைய காற்றாலைகளில் இருப்பது தூண்டல் மின்னாக்கி. தனக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொள்ளவே அதற்கு வெளியிலிருந்து, மின் தொகுப்பிலிருந்து, மின்சாரம் வர வேண்டும். தொகுப்பு போன உடனே பிரேக் விழுந்து இறக்கைகள் நின்றுவிடும். புதிய வகைக் காற்றாலைகளும் பாதுகாப்புக்காகத் தொகுப்பிலிருந்து கழன்றுகொள்ளும். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். இந்தப் பிழைக்கு நான் சமாதானம் சொல்லக் கூடாது. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று மாலையே பஸ் பிடித்து முப்பந்தலுக்குப் போய்ச் சாலையோரம் நின்றேன். கணவாய்க்குள் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது அத்தனை காற்றாலைகளும் அசையாமல் நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். நான் எழுதியிருந்ததைவிடப் பல மடங்கு அச்சமூட்டும் காட்சி அது. இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயம் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: சூரியனில் ஒரு புயல் அடித்தால் உலகம் முடிந்துவிடுமா? பயமுறுத்துவதற்காக ஊதிப் பெரிதாக்கியிருக்கிறீர்கள்.
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: ஊதியது எவ்வளவு, உள்ளது எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறேன். 1859 செப்டம்பரில் அடித்த சூரியப் புயலின்போது அமெரிக்காவில் தந்தி அலுவலர்கள் மின்கலத்தைக் கழற்றி வைத்த பிறகும் கம்பியில் செய்தி ஓடியது. அதே புயலைப் பம்பாய் கொலாபா ஆய்வுக்கூடத்தின் காந்தமானி பதிவு செய்திருக்கிறது. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். 2022 பிப்ரவரியில், பெரியது என்று சொல்ல முடியாத ஒரு புயலிலேயே, புதிதாக ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40 வீழ்ந்தன.

துருவத்திலிருந்து தொலைவில் இருக்கும் நமக்கு என்ன வந்தது என்று கேட்டிருந்தீர்கள். புவியின் காந்த நடுக்கோடு நம் தலைக்கு மேலே என்று சொல்லும்படி அவ்வளவு பக்கத்தில் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்குக் காரணமே அதுதான். அந்தக் கோட்டின் மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு பெரும் மின்னோட்டம் ஓடுகிறது. சூரியப் புயல் அதையும் குலுக்கும். ஆகவே தெற்கே இருக்கிறோம் என்பதே முழுப் பாதுகாப்பு ஆகாது.

எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே இரவில் நிரந்தரமாகச் செத்துப்போவது மட்டும் என் மிகை. உண்மையில் சில வீழும், பல தடுமாறி மீளும், ஜிபிஎஸ் சில நாட்கள் தவறான இடத்தைக் காட்டும். கதைக்காகத் தெரிந்தே செய்தேன்.

கேள்வி: என் அப்பா முப்பது ஆண்டுகளாக ஆழ்கடலுக்குப் போகிறவர். உங்கள் கதையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “ஜிபிஎஸ் இல்லாமல் மினிக்காய்க்கு மேற்கிலிருந்து கரை பிடிக்க இப்போது எங்களில் யாருக்கும் தெரியாது, சார் ஆசையில் எழுதியிருக்கிறார்” என்று சொல்லிவிட்டார். உங்கள் பதில் என்ன சார்?
– ஒரு வாசகி, தூத்தூர்

பதில்: அப்பாவின் சொல்லுக்கு முன்னால் என் சொல் சிறியது. முந்தைய தலைமுறை மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக் கடலில் இடம் குறித்தது. ஆனால் அது கரை கண்ணுக்குத் தெரியும் வரைக்கும்தான் உதவும். 250 கடல் மைலுக்கு அப்பால் மலை ஏது? அதனால்தான் நாவலில் படகை ஓட்டும் தலைவரான ஸ்ராங்குக்கு அதைவிடப் பழைய வழி ஒன்றைக் கொடுத்தேன்.

நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ, துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு பாகை உயரத்தில் தெரியும். குளச்சலும் தூத்தூரும் எட்டுப் பாகையைக் கொஞ்சம் தாண்டி இருக்கின்றன. மினிக்காயும் அப்படியே. அந்தத் தீவுக்கும் மாலத்தீவுக்கும் இடைப்பட்ட கடலுக்கே ‘எட்டுப் பாகைக் கால்வாய்’ என்றுதான் பெயர். நட்சத்திரத்தை எட்டுப் பாகையில் வைத்துக்கொண்டு கிழக்கே ஓடினால் வீட்டுக்கு நேராக வந்துவிடலாம். அரபு மாலுமிகள் இதற்கு ஒரு சிறு பலகையும் முடிச்சுப் போட்ட கயிறும் வைத்திருந்தார்கள். அதன் பெயர் கமால்.

எழுதுவதற்கு முன் நானே ஒன்றைச் செய்தேன். 7 சென்டிமீட்டர் உயரமுள்ள பலாப்பலகைத் துண்டு, நடுவில் துளை, அதில் கோர்த்த நூல், பலகையிலிருந்து 50 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நூல் விறைக்கும்படி பலகையை முன்னால் நீட்ட வேண்டும். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடும்போது மேல்விளிம்பில் நட்சத்திரம் உட்கார்ந்தால் எட்டுப் பாகை. மொட்டைமாடியில் முயன்றால் தென்னை ஓலைகள் வடக்கை மறைத்தன. கடைசியில் ஒரு ஜனவரி இரவு, தெரிந்தவர் ஒருவரின் வள்ளத்தில் குளச்சலிலிருந்து பன்னிரண்டு மைல் போனேன். வள்ளம் ஆட ஆட நட்சத்திரம் பலகைக்கு மேலும் கீழுமாகக் குதித்தது. அடிவானத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அது மங்கலாகத்தான் தெரியும். கொஞ்சம் புகைமூட்டம் இருந்தாலும் காணாமல் போய்விடும். உப்பு நூல் உதட்டில் கரித்தது. ஒரு மணி நேரத்தில் நாற்பது முறை அளந்தேன். பத்துப் பன்னிரண்டு முறைதான் சரியாக விழுந்தது.

அந்தத் தடுமாற்றம்தான் பதினான்காம் அத்தியாயம். ஒரு பாகை தவறினால் 60 கடல் மைல் தவறும். வடக்கே தவறினால் பரவாயில்லை, கேரளக் கரையில் முட்டிக்கொள்ளலாம். தெற்கே தவறினால் குமரி முனைக்குக் கீழே, கரையே கண்ணில் படாமல், இலங்கைப் பக்கம் போய்விட வேண்டியதுதான். அதனால் ஸ்ராங்கு வேண்டுமென்றே ஒரு விரற்கடை உயர்த்திப் பிடிக்கிறார். அப்பாவிடம் இந்த ஒரு பத்தியை மட்டும் மறுபடி வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் முடியாது என்றால் எனக்கு எழுதுங்கள். பலகையோடு தூத்தூருக்கே வருகிறேன். அவர் சொல்லித் திருத்திக்கொள்கிறேன்.

கேள்வி: கன்னியாகுமரிக் கடலுக்கு மேல் வானம் சிவப்பாக ஒளிர்வதாக எழுதியிருப்பது சாத்தியமா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: 2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் செவ்வொளி பதிவானது. 1872இல் பம்பாயில் தெரிந்ததாகக் குறிப்பு உண்டு. எட்டுப் பாகையில் தெரிந்ததற்கு ஆதாரம் காட்ட என்னால் முடியாது. அந்தப் பத்தியை எடுத்துவிடுகிறேன்.

கேள்வி: உலக அழிவைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர் எழுதுகிறார், ஆனால் நாவலில் கடல் பொங்கவே இல்லை. சுனாமியை ஏன் தொடவில்லை?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். ஜனவரியில் பள்ளி திறந்தபோது பதினோராம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் மூன்று பெயர்களுக்கு எதிரே என்ன போடுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தேன். அந்த ஆண்டு முழுவதும் அந்த மூன்று வரிகளும் வெறுமையாகவே இருந்தன. அந்தப் பெயர்களை நான் அடிக்கவில்லை, யாரையும் அடிக்க விடவும் இல்லை.

அலை வந்தது கிழக்கே சுமத்ராவிலிருந்து. குளச்சல் பார்ப்பது மேற்கையும் தெற்கையும். இலங்கையையும் குமரி முனையையும் சுற்றி வளைந்து அலை இங்கே வந்தது. தடையின் ஓரத்தில் அலை வளையும் அந்த நிகழ்வுக்குப் பாடப்புத்தகத்தில் ‘விளிம்பு விளைவு’ என்று பெயர். அதுவரை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்து காட்டிய படம். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்த இன்னொரு ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன். கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் வீட்டுக்கு வீடு நடந்ததை என் கதைக்குப் பரபரப்பூட்ட எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் அந்தக் கரையிலேயே இருக்கிறார்கள்.

என் நாவல் பிறந்தது ஒக்கிப் புயலில். 2017 நவம்பர் 30க்குப் பிறகு தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மணலில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மரங்கள் சாய்ந்து மாவட்டமே இருட்டில் கிடந்தது. படகு எங்கே, ஆள் எங்கே என்று சொல்ல எந்த வழியும் இல்லை. நாட்கள் போயின. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் ரயில் பாதையில் போய் உட்கார்ந்தார்கள். செய்தி வராமல் போவதுதான் உலகம் முடிவது என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நாவலின் 264 பக்கங்களும் அந்த ஒன்றைச் சொல்லத்தான்.

கேள்வி: சண்டை இல்லை, கொள்ளை இல்லை. கரையில் பெண்கள் கருவாடு காய வைக்கிறார்கள், பங்கு வைக்கிறார்கள். இதற்கு நடுவே ஒரு உலக அழிவா? 120ஆம் பக்கத்தோடு மூடிவிட்டேன்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: 151ஆம் பக்கத்தில் டீசலைப் பதுக்குகிறவர் ஒருவர் வருகிறார். அவரிடமிருந்து அதை எப்படி வாங்குகிறார்கள் என்பது நான் மிகவும் உழைத்து எழுதிய பகுதி. தயவுசெய்து அதுவரை படியுங்கள். ஆனால் பெண்கள் கருவாடு காய வைப்பதை நான் குறைக்க மாட்டேன். குளிர்பதன அறை நின்றுபோன ஊரில் மீனைக் காப்பாற்ற உப்பும் வெயிலும் தவிர வேறு என்ன இருக்கிறது? அதேபோல், பட்டணங்கால் கால்வாய் நீர் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் 115 அடி உயரத்தில் எந்த மோட்டாரும் இல்லாமல் தானாகவே ஓடுகிறதே, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு! எல்லாம் நின்ற பிறகும் நம் மாவட்டத்தில் நிற்காதவை எவை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் பார்த்துத்தான் எழுதினேன். எனக்கு அதுவே சாகசம்.

கேள்வி: பதிப்பகம் எதுவும் ஏற்காத நூலை 250 ரூபாய் கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? ‘ஊர்’ என்ற சொல் பல இடங்களில் ‘உளர்’ என்று இருக்கிறது!
– தமிழாசிரியை, கருங்கல்

பதில்: முதலில் பிழை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றியபோது ‘ஊ’ உடைந்து ‘உ’, ‘ள’ என்று இரண்டு எழுத்துகளாகிவிட்டது. கணினித் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்ததால் மூன்று முறை மெய்ப்புப் பார்த்தும் என் கண்ணில் படவில்லை. அச்சான 300 பிரதிகளில் விற்காமல் இருந்த 180க்கும் பிழைதிருத்தத் தாள் அடித்து, நானும் என் மனைவியும் நான்கு இரவுகள் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினோம். உங்கள் பிரதி அதற்கு முன் விற்றது. தாளை அனுப்பி வைக்கிறேன்.

மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்று, கரையில் நடக்கும் பாதியை வெட்டச் சொன்னது. இன்னொன்று, கதையைச் சென்னைக்கு மாற்றினால் நல்லது என்றது. மூன்றாவதிடமிருந்து பதில் இல்லை. ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எடுத்து நானே அச்சிட்டேன். சொந்தமாக அச்சிட நினைப்பவர்களுக்கு ஒன்று: நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை நம் நாட்டில் அரசு இலவசமாகவே தருகிறது. அதற்குப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை நல்ல மெய்ப்புத் திருத்துநருக்குக் கொடுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

கேள்வி: கடைசிப் பக்கத்தில் தெரியும் வெளிச்சம் என்ன? படகு எந்த ஊரில் கரை சேர்ந்தது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, குலசேகரம்

பதில்: அது மின்விளக்கு இல்லை மக்களே. கரையில் யாரோ ஓலைப் பந்தம் பிடித்து நிற்கிறார்கள். ஊரை நீயே கண்டுபிடிக்கலாம். ஸ்ராங்கு உயர்த்திப் பிடித்த ஒரு விரற்கடை ஏறத்தாழ 1.6 பாகை. தூத்தூரின் அட்சரேகையோடு அதைக் கூட்டு. பள்ளி நூலகத்தில் நிலப்பட நூல் இருக்கும். அந்தக் கோட்டில் கேரளக் கரையை விரலால் தொட்டுப் பார்த்து, பக்கத்தில் எந்த ஊர் இருக்கிறது என்று எனக்கு எழுது. முகவரி நூலின் பின்னட்டையில் இருக்கிறது.