குடும்பமாகச் சிரமதானம் (ஊருக்காகக் கூலி வாங்காமல் உழைப்பது) செய்தால் பிள்ளைக்குக் கொடுக்கும் குணம் வருமா?

வரும். கொடுக்கும் குணம் என்றால், நமக்கும் தேவைப்படுகிற நேரத்தையோ உழைப்பையோ பொருளையோ மனமுவந்து பிறரோடு பகிர்வது.

2012இல் வெளியான ஒரு கனேடிய ஆய்வில், இரண்டு வயதுகூட ஆகாத குழந்தைகள் பிறர் தந்த தின்பண்டத்தை எடுத்துக் கொடுத்ததைவிட, தங்கள் பங்கிலிருந்தே கொடுத்தபோது அதிகம் மகிழ்ந்தார்கள். ஆக, விருப்பம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, பழக்கம்தான் வேண்டும். நீச்சல் மாதிரித்தான்: திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நின்று பார்த்தால் வராது, அப்பா பக்கத்தில் நிற்கப் பிள்ளை தண்ணீரில் இறங்க வேண்டும்.

திருகோணமலையில் இதற்கு வழி தேடி அலைய வேண்டியதில்லை. கடற்கரையில் பிளாஸ்டிக் போத்தல் பொறுக்கலாம். அன்னதானத்துக்கு மரக்கறி கழுவலாம். திருவிழாத் தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக் கொடுக்கலாம்; சின்னவர்களுக்கு இதுதான் மிகவும் பிடிக்கும், வாங்குகிறவரின் முகத்தை அங்கேயே பார்க்கிறார்களே! எந்த வேலை என்பதைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். கட்டளையிட்டால் அது இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடும். அப்புறம், உதவி வாங்குபவரைப் படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். அவருடைய மானத்தை மதிக்கவும் பிள்ளை அங்கேதான் கற்கிறது.

வசதியுள்ள குடும்பங்களுக்குத்தான் இதெல்லாம் என்று பலர் நினைக்கிறார்கள். பந்தலில் ஒரு மணி நேரம் நின்று மோர் ஊற்றுவதற்குக் காசு எதுவும் தேவையில்லை.