சவர்க்காரம் பட்டுச் சிவந்த பட்டுச் சாறி: மீன் ஆணக் கறையை எப்படி எடுப்பது?

கேள்வி: அக்கா, போன கிழமை கல்முனையில் மாப்பிள்ளை வீட்டு விருந்து. சந்தன நிறப் பட்டுச் சாறி உடுத்திருந்தேன். பரிமாறும்போது மீன் ஆணம் மடியில் ஊற்றுப்பட்டு விட்டது. வீட்டுக்கு வந்ததும் மாமி உடுப்புச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். மஞ்சளாக இருந்த கறை அப்படியே சிவந்து போனது. பயந்துபோய்க் காயவிட்டு மடித்து வைத்திருக்கிறேன். ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம், அதற்கும் இதைத்தான் உடுக்க நினைத்திருந்தேன். கறை போகுமா? (கல்லடியிலிருந்து ஒரு வாசகி)

தங்கச்சி, அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சாறி பழுதாகவில்லை. ஆராத்தி எடுக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்ததும் தட்டு சிவக்கிறதே, அதேதான் உங்கள் மடியிலும் நடந்திருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். காரத்தன்மை பட்டால் அது சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்பவும் மஞ்சளாகும். சுண்ணாம்பும் காரம், உடுப்புச் சவர்க்காரமும் காரம். மாமியிடம் கோபிக்க வேண்டாம், அவர் நல்லதை நினைத்துத்தான் செய்தார். இருபது வருடம் மனைப் பொருளியல் படிப்பித்தவள் நான். பட்டுச் சாறியோடு வீட்டுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் இதே சிவப்பைப் பார்த்து அழுதுகொண்டுதான் வருகிறார்கள்.

ஆணக் கறை என்பது உண்மையில் இரண்டு கறை. ஒன்று எண்ணெய்: தேங்காய்ப்பாலில் இருந்து வருவதும், மீனில் இருந்து வருவதும், தாளித்ததும். மற்றது மஞ்சளின் சாயம். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் நூலுக்குள் சாயத்தைக் கூட்டிக்கொண்டு போவதே எண்ணெய்தான். எண்ணெயை விட்டுவிட்டு நிறத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் நாள் முழுக்கத் தேய்த்தாலும் கறை அசையாது, பட்டுத்தான் தேயும். முதலில் எண்ணெய், பிறகு நிறம். இந்த ஒழுங்கை மட்டும் மாற்றாதீர்கள்.

தொடங்குமுன் இரண்டு விடயம் பாருங்கள். உள்ளே செருகும் பக்கத்து ஓரத்தில் இருந்து ஒரு நூலை உருவி, ஒரு தட்டின் மேல் பிடித்துக் கொளுத்துங்கள். தலைமுடி கருகும் மணம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் அசல் பட்டு. உருகிக் கறுத்த மணிபோல இறுகினால் பொலியெஸ்டர். அது இவ்வளவு நுணுக்கம் கேட்காது, ஷாம்புத் தண்ணீரிலேயே பெரும்பாலும் வந்துவிடும். அடுத்து, அதே ஓரத்தை நனைத்து வெள்ளைப் பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் சாறியின் சாயம் இறங்கினால் வீட்டில் கை வைக்க வேண்டாம், நேரே டிரை கிளீனிங்கிற்குக் கொண்டு போங்கள். கொடுக்கும்போது என்ன கொட்டியது, என்ன சவர்க்காரம் போட்டீர்கள், எத்தனை நாளாயிற்று என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் அவர்களால் சரியான மருந்தைப் போட முடியும்.

சாயம் இறங்கவில்லையா? சரி, வேலையைத் தொடங்கலாம். மேசையில் வெள்ளைத் துவாய் ஒன்றை நாலாக மடித்துப் போட்டு, கறை பட்ட பக்கம் துவாயில் படும்படி சாறியை விரியுங்கள். கறையின் பின்பக்கத்தில்தான் நாம் வேலை செய்யப்போகிறோம். உள்ளே போன எண்ணெய் வந்த வழியாலேயே வெளியே போகட்டும். முதலில் வெறும் பச்சைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி, காய்ந்துபோய் இருக்கும் சவர்க்காரத்தை எடுங்கள். பலர் இதை விட்டுவிட்டு நேரே வினாகிரியைப் போடுவார்கள். சவர்க்காரத்தில் புளிப்புப் பட்டால் அது உடைந்து பிசுக்காகத் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். நாலைந்து தரம் தண்ணீர் ஒற்றிய பிறகு, ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி நிறமில்லாத வினாகிரி கலந்து ஒற்றுங்கள். சிவப்பு உங்கள் கண் முன்னாலேயே மஞ்சளாகத் திரும்பும். தேசிக்காய்ப் புளி வேண்டாம். அதில் உள்ள சீனியும் சக்கையும் காய்ந்த பிறகு தனிக் கறையாகும். சரிகைக் கரையில் வினாகிரி படவே கூடாது, சரிகை மங்கிவிடும்.

இப்போது எண்ணெய். குழந்தைகளுக்குப் போடும் ஷாம்புவில் ஒரு துளியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கலக்குங்கள். பட்டும் நம் தலைமுடியைப் போலப் புரதத்தால் ஆனதுதான், முடிக்கு ஒத்துக்கொள்வது பட்டுக்கும் ஒத்துக்கொள்ளும். பஞ்சால் விளிம்பில் இருந்து நடுவுக்கு மெதுவாகத் தட்டித் தட்டி வாருங்கள். நடுவில் இருந்து வெளியே போனால் கறை பரவும். கீழே உள்ள துவாயில் மஞ்சள் வட்டம் இறங்கியிருக்கும், ஒவ்வொரு முறையும் துவாயின் சுத்தமான இடத்துக்குத் துணியை நகர்த்துங்கள். துவாயில் மஞ்சள் இறங்குவது நிற்கும் வரைக்கும் செய்யுங்கள். அரை மணித்தியாலம் எடுக்கும். தேய்க்கவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நனைந்த பட்டு காய்ந்த பட்டைவிட 20 வீதம் வரை பலம் குறைந்தது. என் தங்கையின் கூறைச் சாறியில் நண்டுக் கறி பட்டபோது பல் துலக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தோம். கறை போனது உண்மை. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு மங்கலாக ஒரு வட்டம், நூலெல்லாம் பஞ்சு பறந்து கிடக்கும். கறையை இன்னொரு நாள் எடுக்கலாம், உரிந்த நூலுக்கு வைத்தியமே இல்லை. இன்றைக்கும் அந்தச் சாறியை விரிக்கும்போது என் கண் முதலில் அங்கேதான் போகும்.

பிறகு நல்ல தண்ணீரால் ஒற்றி ஷாம்புவை எடுத்து, காய்ந்த துவாயால் அழுத்துங்கள். ஈரம் சட்டென்று ஓர் இடத்தில் முடிந்தால் பட்டில் தண்ணீர் வட்டம் விழும். அதனால் விளிம்பைச் சற்று அகலமாக நனைத்து, வெளியே போகப் போக ஈரத்தைக் குறைத்து விடுங்கள்.

எண்ணெய் போன பிறகு மெல்லிய மஞ்சள் நிழல் ஒன்று மிஞ்சும். அதை எடுக்கிற மருந்து நம் ஊரில் ஆகாயத்திலேயே இருக்கிறது. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு மஞ்சளில் தோய்த்த வேட்டியை நாலு நாள் வெயிலில் காயப்போட்டுப் பார்த்திருப்பீர்கள், எப்படி வெளிறிப் போகும்! குர்குமினை வெளிச்சம் உடைத்துவிடும். ஆனால் பட்டுக்கும் வெயில் ஆகாது, நாள்படப் பட்டால் பழுப்பேறி நூல் இற்றுப்போகும். ஆகவே சாறி முழுவதையும் வெள்ளைத் துணியால் மூடி, கறை இருக்கும் இடம் மட்டும் தெரியும்படி, உட்பக்கம் மேலே வர, காலை எட்டு மணிக்கு முந்திய வெயிலில் இருபது நிமிடம் வையுங்கள். அந்த இடம் லேசாக ஈரமாக இருக்கட்டும். பின்னேரம் பார்த்து, மறுநாள் திரும்பச் செய்யுங்கள். மூன்று நாலு நாளில் வித்தியாசம் தெரியும். சந்தன நிறம் சுற்றிலும் வெளிறத் தொடங்கினால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

கறை முழுவதும் போகும்வரை அயன் பண்ண வேண்டாம். சூடு பட்டால் மிஞ்சிய எண்ணெயும் நிறமும் நூலோடு இறுகிவிடும். வெள்ளை உடுப்புக்குப் போடும் குளோரின் வெளுப்பான் பட்டின் பக்கமே வரக்கூடாது. அது பட்டை மஞ்சளாக்கி அரித்துவிடும். ‘என்சைம்’ என்று பெட்டியில் போட்டிருக்கும் சலவைத்தூளும் அப்படித்தான். மீன், முட்டை, பால் கறையில் உள்ள புரதத்தைத் தின்கிற பொருள் அதில் இருக்கிறது. பட்டும் புரதம் என்பதால் இரண்டுக்கும் அது வித்தியாசம் பார்க்காது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் கவனிப்பதில்லை. நம் பக்கத்தில் சில குழாய்க் கிணறுகளில் இரும்பு அதிகம். வாளியின் அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் உங்கள் கிணறும் அப்படித்தான். தேநீர், வாழைக்கறை, முந்திரிப்பழச் சாறு இவற்றில் இருக்கும் துவர்ப்போடு அந்த இரும்பு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். பழைய காலத்தில் எழுதும் மையை இந்த முறையில்தான் செய்தார்கள். முந்திரிப்பழக் காலத்தில் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் பழச்சாறு பட்டு, கிணற்றுத் தண்ணீரில் துவைத்ததும் இன்னும் கறுத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டுக்கும் வெள்ளைத் துணிக்கும் குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரையே எடுங்கள். ஒரு போத்தல் போதும்.

மற்றக் கறைகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தயிர், ஐஸ்கிரீம், முட்டை, வட்டிலாப்பம் எல்லாம் பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் பட்டால் பாலும் முட்டையும் திரைந்து நூலோடு பிடித்துக்கொள்ளும். பீற்றூட் நிறம் தண்ணீரில் கரையும், உடனே ஒற்றினால் பாதி போய்விடும். மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சாறியில் ஆணம் பட்டிருந்தால் இன்னும் இலகு. சாயம் இறங்குகிறதா என்று ஓரத்தில் பார்த்துவிட்டு, எண்ணெய் போன பிறகு சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் எடுத்து ஒற்றுங்கள். மஞ்சள் அதில் நன்றாகக் கரைந்து வரும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து மட்டும் செய்யாதீர்கள், அது சட்டென்று தீப்பிடிக்கும்.

அடுத்த தடவை விருந்தில் கொட்டினால், கரண்டி விளிம்பால் கட்டியை வழித்து, காய்ந்த டிஷ்யூவால் அழுத்திவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முகத்துக்குப் போடும் வெள்ளைப் பவுடரைத் தடிப்பாகத் தூவி இரவு முழுக்க விடுங்கள். எண்ணெயைப் பவுடர் உறிஞ்சிவிடும், விடியத் தட்டிவிடலாம்.

ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்குத் தண்ணீரும் வினாகிரியும் மட்டும் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். நாளைக் காலை ஷாம்பு. வெயில் பிடித்து முடித்த பிறகு சாறியைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டாமல், பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், மடிப்பு கறை இருந்த இடத்தில் விழாதபடி.