பதில்: வெள்ளைக் குவாட்ஸ் பலகையில் மஞ்சள் கறையும் குழாயடியில் வெள்ளைப் படிவும்

வணக்கம் அக்கா. குசினி மேடையின் வெள்ளைக் குவாட்ஸ் பலகையில் கறிச்சட்டி வைத்த இடத்தில் மஞ்சள் வட்டம், குழாயைச் சுற்றி வெள்ளைப் படிவு, குளோரின் ஊற்றித் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். குவாட்ஸ் முழுக் கல் இல்லை. ஏறத்தாழ 90% கல்தூள், மிச்சம் பிசின். குளோரின் அந்தப் பிசினைத்தான் கெடுக்கும்.

மஞ்சள் கறைக்குப் பாமசியில் 3% ஹைட்ரஜன் பெரொக்சைட் வாங்குங்கள். முதலில் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள். சரி என்றால் பஞ்சில் நனைத்துக் கறைமேல் பத்து நிமிடம் வைத்துத் துடையுங்கள். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று தரம் செய்யவேண்டி வரும். சவர்க்காரம் பட்டவுடன் கறை சிவந்தால் பயப்படாதீர்கள், கறியில் போடும் மஞ்சள்தூளின் குணம் அது.

வெள்ளைப் படிவு எங்கள் கிணற்றுத் தண்ணீரின் வேலை. யாழ்ப்பாணத்து நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக் கல்தானே! வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தடவி, இரண்டு நிமிடத்தில் நன்றாகக் கழுவிவிடுங்கள். தேசிக்காய்ப் புளியை ஊறவிடவே வேண்டாம். எங்கள் குசினியில் இரவு கடைசியாகக் குழாயடியை உலர்ந்த துணியால் துடைக்கிறோம், படிவு வருவதேயில்லை.

அப்புறம், சூட்டுச் சட்டியை நேரே வைக்காதீர்கள். சூட்டில் வெந்த பிசின் பழைய நிலைக்குத் திரும்பாது.