அடைப்புக்குறிக்குள் ஓர் அம்மா

கேள்வி: புறநகரில் ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டிய டவுன்ஹவுஸ் வீடுகளில் ஒன்று எங்களுடையது. 12 வருடத்துக்கு முன் அப்பாவும் நானும் சேர்ந்து வாங்கினோம். அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. ஒன்பது மாதமாக வீட்டை விற்கப் பார்க்கிறேன். இரண்டு தரகர்கள் மாறியாயிற்று, விலையையும் இரண்டு முறை குறைத்தாயிற்று. பொதுச்சுவரில் ஈரம் இறங்குகிறது. கசிவு அவர்கள் குழாயிலிருந்து என்கிறேன் நான், எங்கள் குளியலறையிலிருந்து என்கிறார்கள் பக்கத்து வீட்டார். சங்கத்துக்குப் பராமரிப்புப் பாக்கியும் இருக்கிறது. சமையலறையைப் புதுப்பிக்கவே பெரிய தொகை செலவழித்தேன், போட்ட காசுக்குக் கீழே விற்க மனசு வரவில்லை. போன மாதம் ஒரு குடும்பம் முன்பணம் தருவதாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் ஏதோ விசாரித்துவிட்டுப் போனார்கள், அப்புறம் போனே எடுக்கவில்லை. (ஆட்கள் பார்க்க வரும்போது அம்மாவைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிடுவோம். விற்கப்போவதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, எல்லாம் முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.) மூன்றாவது முறையும் விலையைக் குறைக்கவா, இல்லை சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டுக் காத்திருக்கவா?

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம், நான்தான் சுருக்கியிருக்கிறேன். ஆனால் அந்த அடைப்புக்குறி நீங்கள் போட்டது. நாலு பக்கத்தில் தரகர் வருகிறார், சமையலறை மேடை வருகிறது, குழாய் வருகிறது, அம்மா ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் அடைப்புக்குறிக்குள்.

வீடு விற்கிற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரு சமையலறை இருக்கும், ஏமாற்றிய தரகர் ஒருவர் இருப்பார், மனசாட்சி இல்லாத பக்கத்து வீட்டார் இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் 'கவலைப்படாதீர்கள், நேரம் வந்தால் விற்கும்' என்று எழுதுவது சுலபம். உங்களுக்கு அப்படி எழுதப் போவதில்லை.

எந்த வீட்டோடு சுவருக்காக மல்லுக்கு நிற்கிறீர்களோ, அதே வீட்டில்தான் அம்மாவைக் கொண்டுபோய் உட்காரவைக்கிறீர்கள். இதை எழுதும்போது உங்களுக்கு உறைக்கவில்லையா? ஒன்பது மாதத்தில் எத்தனை பேர் பார்க்க வந்திருப்பார்கள்? இருபது என்றே வைத்துக்கொள்வோம். இருபது தடவை ஒரு வயதானவர் தன் வீட்டைவிட்டு எழுந்துபோய், அடுத்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சுவருக்கு இந்தப் பக்கம் அந்நியர்கள் மாடிப்படி ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒட்டுச்சுவர் வீடுகளில் எல்லாம் கேட்கும், உங்களுக்குத் தெரியாததா. அவருக்கு விஷயம் தெரியாது என்று நம்புகிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். தெரிந்துதான் இருக்கும். நீங்களாக வாயைத் திறப்பீர்கள் என்று காத்திருக்கிறார்.

அந்தக் குடும்பம் ஏன் ஓடிப்போனது என்று ஒன்பது மாதக் குழப்பத்தோடு கேட்கிறீர்கள். பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டு வரி இடைவெளியில், சேர்த்துப் படிக்கத்தான் தோன்றவில்லை. பக்கத்து வீட்டில் விசாரிக்கப் போனார்கள். அங்கே யார் உட்கார்ந்திருந்தார்? அவர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் போதும், 'நீங்கள் எந்த வீடு?' என்று. மேலே கட்டில், மருந்துப் பெட்டி, ஊன்றுகோல் எல்லாம் இருக்கிறது, ஆளை மட்டும் காணோம். கேட்டால் மகன் மழுப்புகிறார். ஆளையே மறைக்கிறவர் பத்திரத்தில் எதை மறைக்கிறாரோ என்றுதான் எவருக்கும் தோன்றும். நானாக இருந்தாலும் போனை எடுக்கமாட்டேன்.

பத்திரம் என்றதும் இன்னொன்று. அப்பாவும் நீங்களும் சேர்ந்து வாங்கியது என்கிறீர்கள். அப்பாவின் பங்கு இப்போது யார் பெயரில்? நாலு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் சட்டப்படியும் பத்திரத்தில் எழுதியிருக்கிறபடியும் அது அம்மாவுக்கும் போயிருக்கலாம், அப்படியென்றால் அவர் கையெழுத்து இல்லாமல் இந்த விற்பனையே நடக்காது. 'முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம்' என்ற திட்டத்தில் கையெழுத்தை எப்போது வாங்குவதாக இருந்தீர்கள்? இந்த வாரமே ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுங்கள். ஒருவேளை முழுவதும் உங்கள் பெயருக்கே வந்திருந்தாலும், நான் சொல்வதில் மாற்றமில்லை. வீட்டை விற்பது உங்கள் உரிமையாக இருக்கலாம். அதில் வாழ்கிறவரிடம் சொல்லாமல் விற்பது பிள்ளை செய்கிற காரியமில்லை. பழைய பஞ்சாங்கம் என்று திட்டினாலும் திட்டுங்கள்.

சரி, விலைக்கு வருவோம். வரிசை வீட்டில் ஒரு சங்கடம் உண்டு, எல்லா வீடும் ஒரே அச்சு. நாலு கதவு தள்ளி ஒரு வீடு என்ன விலைக்குப் போனது என்று வாங்க வருகிறவர் விசாரித்துக்கொண்டுதான் வருவார். நீங்கள் போட்ட காசு உங்கள் கணக்கு, அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1990-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் அடுக்குமாடி வீடு விற்றவர்களைப் பற்றி ஜெனசோவ், மேயர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2001-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்கவேண்டி வந்தவர்கள், வரப்போகும் நஷ்டத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை கேட்கும் விலையில் ஏற்றி வைத்தார்களாம். அதில் கொஞ்சம்தான் கைக்கு வந்தது, வீடு விற்கத்தான் நாளானது. அந்த ஊர்க்காரர்களும் உங்களைப் போலத்தான், மனசு வரவில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் விலை இரண்டாவது நோய்தான். அதே வரிசையில் கடைசியாக விற்ற வீட்டின் விலையைப் பாருங்கள், சமையலறைக்காகக் கொஞ்சம் கூட்டுங்கள், சுவருக்காகக் கழியுங்கள், அங்கே நில்லுங்கள். அதை மாதாமாதம் குறைத்துக்கொண்டே போனால் வீட்டில் ஏதோ கோளாறு என்று நீங்களே பலகை மாட்டியது போலாகும்.

பெயின்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். கசிவை நிறுத்தாமல் அடித்த பெயின்ட் கொஞ்ச நாளில் கொப்புளித்து உரிந்துவிடும். நாலு சுவரில் ஒன்று மட்டும் புதுசாக மின்னினால் வருகிறவர் முதலில் அங்கேதான் கையை வைத்துப் பார்ப்பார். சங்கப் பாக்கியை இன்றைக்கே கட்டி, பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள், கூரை, வடிகால் என்று பொதுவில் பெரிய வேலை ஏதும் வரப்போகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். கேட்டு வாங்கி வைத்திருக்கிற விற்பனையாளரை யாருக்கும் பிடிக்கும்.

அம்மாவிடம் பேசும்போது 'விற்கப்போகிறேன்' என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்தாதீர்கள். 'நீ எங்கே இருக்கப்போகிறாய்' என்பதற்குப் பதில் இல்லாமல் அவர் எதிரில் போய் உட்காராதீர்கள். உங்களோடு என்றால் எந்த அறை, மாடியா தரையா, குளியலறை எவ்வளவு தூரம், அவருடைய கட்டிலும் பீரோவும் அங்கே நுழையுமா, இதெல்லாம் பார்த்துவைத்துக்கொண்டு போங்கள். கோபப்படுவார், இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஒன்பது மாதம் பேசாமல் இருந்தவர். அதுவரை யாரையும் வீடு பார்க்கக் கூப்பிட வேண்டாம். அடுத்த தடவை ஆட்கள் வரும்போது அவர் தன் நாற்காலியிலேயே இருக்கட்டும், வெளியே போகத் தோன்றினால் அவராகப் போகட்டும். 'அம்மா இங்கேதான் இருக்கிறார், இந்தத் தேதிக்குள் என்னோடு வந்துவிடுவார்' என்று வருகிறவர்களிடம் நேராகச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தச் சுவர். ஒரு நல்ல பிளம்பரைக் கூப்பிட்டு, கசிவு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் சரி, பாதிப் பாதி என்று பேரம் பேசிக்கொண்டு நிற்காமல் முழுச் செலவையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். இருபது தடவை உங்கள் அம்மாவுக்கு அவர்கள்தான் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.